சம்பந்தி விட்டுப்போன துண்டு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கங்கள் பல. தங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் வீட்டிலுள்ள பெரியவர் சிறியவர் அனைவருக்கும் என் மரியாதை. தங்கள் பெட்டி வந்து இறங்குகிறவரைக்கும் இங்கே நாங்கள் எல்லோரும் நலமாகவே இருந்தோம். தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். வம்பை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு வீட்டில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருடைய நலத்துக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது?

இந்தக் கடிதத்தைத் தங்கள் மகள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். ஆமாம், அவள் அங்கே வருகிறாள். நாளைக் காலைப் பேருந்தில். துணிமணி அடுக்கிப் பெட்டியை வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று. "கொஞ்ச நாள் எங்கப்பா வீட்டுல இருந்துட்டு வரேன்" என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. என் மகனிடம் சொன்னாள், அவன் என் மனைவியிடம் சொன்னான், அவள் என்னிடம் சொன்னாள். நாலு பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் இத்தனை சுற்றும். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தினமும் சாயங்காலம் பேப்பரில் வரும் குறுக்கெழுத்தை அவள் படிக்க, நான் சொல்ல, இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் போடுவோம். இன்றைக்குத் தனியாகப் போட்டாள். அதுவும் பேனாவால். இந்த நிலைமைக்கு யார் காரணம் என்பது தங்களுக்குத் தெரியவேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். தாங்கள்தான் காரணம். தாங்களும் தாங்கள் அனுப்பிவைத்த கமோடும்.

ஒன்று கேட்கிறேன். தாங்களும் சம்பந்தியம்மாவும் இங்கே வந்து தங்கியிருந்தீர்களே, உபசரிப்பில் நாங்கள் ஏதாவது குறை வைத்தோமா? ஃபேன் சத்தம் போடுகிறதா என்று கேட்டேன், "பரவாயில்லை" என்றீர்கள். தலையணை உயரமாக இருக்கிறதா என்று கேட்டேன், அதற்கும் பரவாயில்லை. ஒருநாள் என் மனைவி தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டாள், அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்து, அப்போதும் பரவாயில்லை. சம்பந்தி, நான் ஓய்வு பெறுகிறவரை ஒரு பெரிய கிடங்குக்குப் பொறுப்பாக இருந்தவன். சாமான் வந்து இறங்கினால் ஒன்று "சரி" என்று எழுதுவோம், இல்லாவிட்டால் "சேதம்" என்று எழுதுவோம். "பரவாயில்லை" என்று எழுத அங்கே இடமே கிடையாது. ஒரு மனிதனுக்கு ஒரு வீட்டில் என்ன குறை என்று வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும்?

அப்புறம் அந்தத் துண்டு விவகாரம். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், இனிமேல் மூடி வைத்து என்ன ஆகப்போகிறது. தாங்கள் கிளம்பிப்போன மறுநாள்தான் கவனித்தேன். சுவர்க் குழாயிலிருந்து ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் கொண்டுபோகிற முழ நீளக் கனெக்‌ஷன் பைப் ஒன்று கமோடுக்குப் பின்னால் இருக்கிறதல்லவா, அதன்மேல் தங்களுடைய பச்சைக்கோடு போட்ட துண்டு கட்டியிருந்தது. சும்மா தொங்கவிட்டிருந்தால்கூட மறதி என்று விட்டிருப்பேன். நன்றாக இறுக்கிச் சுற்றி, முடிச்சுமேல் முடிச்சுப் போட்டு, நுனியை ஒரு பக்கெட்டுக்குள் இறக்கிவிட்டிருந்தீர்கள். துண்டு காயப்போட எங்கள் வீட்டில் கொடி இல்லையா? மொட்டை மாடி இல்லையா? கொடுத்திருந்தால் நானே கொண்டுபோய்க் காயப்போட்டிருக்க மாட்டேனா? அவிழ்க்கக் கையை நீட்டினேன், என் மனைவி தடுத்துவிட்டாள். "சம்பந்தி பொருளுங்க. அவங்க வச்ச இடத்துலயே இருக்கட்டும். நாம எடுத்து எங்கயாவது போட்டுட்டு, நாளைக்கு அவங்க வந்து கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள். சரிதான் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அந்தத் துண்டை ஒருவரும் தொடவில்லை. தரை கழுவினால்கூட அதன்மேல் தண்ணீர் தெறிக்காமல் பார்த்துப் பார்த்துக் கழுவினோம். இருந்தும் அது காய்ந்த பாடில்லை. ஒருநாள் விரலால் தொட்டுப் பார்த்தேன், சொதசொதவென்று இருந்தது. துண்டின் தரம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். பக்கெட்டில் மட்டும் எந்நேரமும் தண்ணீர் தயாராக இருந்தது. அந்த விஷயத்தில் என் மனைவியைக் குறை சொல்ல முடியாது. ஒரு துண்டுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த சம்பந்தியைத் தாங்கள் வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

அதற்குத் தாங்கள் செய்த பதில் மரியாதைதான் லாரியில் வந்து இறங்கியது. ஆள் உயரத்துக்குப் பெட்டி. பெட்டியின் எல்லாப் பக்கமும் கமோடு படம், பளிச்சென்று வண்ணத்தில். குருடனுக்குக்கூடத் தெரிந்திருக்கும் உள்ளே என்ன இருக்கிறதென்று. எதிர்வீட்டு அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், குழாயை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "என்ன சார், புதுசு வாங்கியிருக்கீங்களா?" என்றார். நான் பேச்சை மாற்றுவதற்குள் லாரிக்காரர் முந்திக்கொண்டார். "வாங்கலம்மா, சம்பந்தி வீட்டு அன்பளிப்பு. சீட்டுல போட்டிருக்கு பாருங்க." அந்த அம்மா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஓஹோ" என்றார். அந்த ஓஹோவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. சம்பந்தி வீட்டில் வந்து தங்கிவிட்டுப் போன மனிதர் ஊர் போய்ச் சேர்ந்ததும் கமோடு வாங்கி அனுப்புகிறார் என்றால் தெரு என்ன பேசும்? வாட்ச் அனுப்பலாம், குடை அனுப்பலாம், நாற்காலி அனுப்பலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கமோடு அனுப்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கள் வீட்டில் ஒரு மனிதன் நிம்மதியாகப் போய் உட்கார்ந்து எழுந்திருக்க வழியில்லை என்று அர்த்தம். என் மானம் லாரியோடு தெருக்கோடி வரைக்கும் போயிற்று.

அந்த நிமிஷமே திருப்பி அனுப்பியிருப்பேன். என் மனைவிதான் குறுக்கே வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் எனக்கு இது வேண்டும் என்று ஒரு சாமான் வாய்விட்டுக் கேட்டவள் இல்லை அவள். அன்றைக்கு அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "நல்ல உசரமா இருக்கும் போலிருக்கே" என்றாள். "உசரமா இருந்தா என்ன, ஏறி நின்னு பல்பு மாட்டப் போறியா?" என்று கேட்டேன். "வந்தது வந்தாச்சு, மாட்டிடுங்களேன்" என்றாள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் மாட்டிடுங்களேன், பேப்பர் படித்தால் மாட்டிடுங்களேன். தங்கள் மகளும், "எங்கப்பா ஆசையா அனுப்பியிருக்கார் மாமா" என்றாள். ஆசையாகக் கமோடு அனுப்புகிற மனிதரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சரி, தொலையட்டும், பெண்டுகள் ஆசைப்படுகிறார்கள் என்று பிளம்பரை வரச் சொன்னேன்.

அந்தப் பிளம்பரை இங்கே எல்லோரும் "மின்னல்" என்றுதான் கூப்பிடுவார்கள். வேகமாக வேலை செய்கிறான் என்பதற்காக இல்லை, கண்மூடித் திறப்பதற்குள் ஆளைக் காணோம் என்பதற்காக. வந்தான், பெட்டியைப் பிரித்தான். நான் கிடங்குக்காரன் அல்லவா, கூடவே நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். கமோடு, டேங்கு, மூடி, திருகுகள், வாஷர் எல்லாம் இருந்தது. கனெக்‌ஷன் பைப்பைக் காணோம். "அதெல்லாம் கம்பெனிக்காரன் குடுக்க மாட்டான் சார், தனியா வாங்கிக்கணும். பழசப் போடாதீங்க, நைஞ்சு போயிருக்கும். கமோடு மாத்துறப்ப பைப்பையும் சேர்த்து மாத்திடணும்" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. சட்டை தைத்துக் கொடுத்துவிட்டுப் பொத்தானை நீ வாங்கிக்கொள் என்று சொல்கிற மாதிரி இல்லையா இது? அனுப்புகிறதுதான் அனுப்பினீர்கள், ஒரு முழப் பைப்பைச் சேர்த்து அனுப்பத் தோன்றவில்லையே தங்களுக்கு! "எதுக்குப்பா மாத்தணும்? இந்தப் பைப் வீடு கட்டினப்ப போட்டது. இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகினதா யாராவது சொல்லட்டும், இப்பவே தூக்கிப் போடறேன்" என்றேன். வீட்டில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டேன். ஒழுகவில்லை என்று என் மனைவி சொன்னாள். இல்லை மாமா என்று தங்கள் மகள் சொன்னாள். என் மகன் தோளைக் குலுக்கினான். "உங்க இஷ்டம் சார்" என்று மின்னல் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஒழுங்காக வேலை செய்கிற பொருளை வெறும் வயசுக்காகத் தூக்கிப்போடுவதென்றால் முதலில் என்னைத்தான் தூக்கிப்போட வேண்டும்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். பழைய கமோடைக் கழற்றக் குனிந்தவன், "இது என்ன சார் துணி?" என்றான். "அதைத் தொடாதே, அது சம்பந்தி துண்டு" என்றேன். "சம்பந்தி துண்டு இங்க எதுக்கு சார் இருக்கு?" "அவர் வச்சார், இருக்கு. உன் வேலையைப் பாரு." "துண்டை எடுக்காம எப்படி சார் பைப்பைக் கழட்டுறது?" என் மனைவியைக் கேட்கலாம் என்று நான் திரும்பிய அந்த ஒரு நொடியில் அந்தப் பாவி முடிச்சை அவிழ்த்து ஒரே இழுப்பாக உருவிவிட்டான். அவன் உருவின உருவில், நேற்றுவரை ஒரு குறையும் இல்லாமல் இருந்த பைப் வாய் பிளந்துவிட்டது! தண்ணீர் பீய்ச்சி அடித்தது பாருங்கள், முதலில் அவன் மூஞ்சியில், அப்புறம் கூரையில், அப்புறம் திசை தெரியாமல் எல்லாப் பக்கமும். அவன் சுவர்க் குழாயை மூடித் திறக்கிற ஆங்கிள் வால்வைப் பிடித்துத் திருகினான். வால்வு மூடவில்லை, அதன் தலை மட்டும் தனியாகக் கழன்று அவன் கையோடு வந்துவிட்டது. "சார், மெயின் வால்வு எங்க சார்?" என்று கத்தினான். வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்துகிற மெயின் வால்வு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழேதான் நான் உபயோகப்படும் என்று எடுத்துவைத்த சாமான்களும் இருக்கின்றன. பழைய ஃபேன், பெயிண்ட் டப்பாக்கள், தையல் மெஷினின் கால், ஒரு கதவு. என் மகன் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வீசினான். "பார்த்து வீசுடா, ஃபேன் ஓடற ஃபேன்டா!" என்று நான் இங்கிருந்து கத்துகிறேன், உள்ளே மின்னல் கத்துகிறான், கூடத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

ஒருவழியாக மெயினை மூடியதும் மாடியிலிருந்து ஒரு கூக்குரல். மாடியில் குடியிருக்கிற பஸ் டிரைவர் தலை நிறைய ஷாம்பூ நுரையோடு, இடுப்பில் துண்டோடு, சுவரைத் தடவிக்கொண்டே படி இறங்கி வந்தார். "சார், கண்ணு எரியுது சார், தண்ணி எங்க சார்?" என்றார். தண்ணீரெல்லாம் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது, வேண்டியதை மொண்டுகொள்ளுங்கள் என்றுதான் சொல்ல முடிந்தது. மின்னல் பைப்பைக் கழற்றிக் குழாய் வாயில் ஒரு அடைப்பானைத் திருகின பிறகுதான் அந்த மனிதருக்குத் தண்ணீர் கிடைத்தது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தபோது தங்கள் மகள் ஓடிப்போய்க் குடையை எடுத்துவந்து, கழிவறைக்குள் வந்து, எனக்குத்தான் பிடித்தாள். தான் முழுக்க நனைந்துகொண்டு எனக்குப் பிடித்தாள். அந்த ஆத்திரத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "எல்லாம் உங்கப்பா காலடி பட்ட நேரம்!" என்று சொல்லிவிட்டேன். அவள் குடையை மடக்கினாள், மூலையில் சாய்த்து வைத்தாள், உள்ளே போய்விட்டாள். அதிலிருந்துதான் பேச்சு வார்த்தை இல்லை. தேநீர் வருகிறது, ஆனால் என் மகன் கையில் வருகிறது. சொன்னது தப்பா சரியா என்ற விசாரணைக்கு நான் வரவில்லை. தாங்கள் அந்தக் கமோடை அனுப்பாமல் இருந்திருந்தால் நான் சொல்லியே இருக்க மாட்டேன், அதுதான் விஷயம்.

இன்றைக்குக் காலையில் அந்தப் பழைய பைப்பைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரன் அதை வெளியே எடுத்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், வேலை செய்கிற ஆட்களையெல்லாம் கூப்பிட்டான். "சார், இதை எங்கேர்ந்து தோண்டி எடுத்தீங்க?" மேலே சுற்றியிருந்த கம்பி வலை துருப்பிடித்து விரலோடு உதிர்ந்தது, உள்ளே ரப்பர் கரிக்கட்டி மாதிரி நொறுங்கியது. "நேத்து வரைக்கும் வேலை செஞ்சது" என்றேன். "அதான் சார் எங்களுக்கும் புரியல" என்றான். சிரிக்கிறான்கள், சம்பந்தி, என் முகத்துக்கு நேராகச் சிரிக்கிறான்கள்! புது டேங்கில் பைப் எந்தப் பக்கம் வருகிறது, எவ்வளவு உயரம் என்று கேள்விமேல் கேள்வி. "இதே அளவுல ஒண்ணு குடுங்க போதும்" என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்குள் மின்னல் புதுக் கமோடைச் சிமெண்ட் வைத்துப் பதித்திருந்தான்; பைப்பை வைத்துப் பார்த்தால் தங்கள் டேங்கு பழையதைவிட உயரம், பைப் எட்டவில்லை. நாலு விரற்கடை குறைகிறது. கமோடைக் கொஞ்சம் பைப் பக்கம் நகர்த்தக்கூடாதா என்று கேட்டேன். மின்னல் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. மறுபடி கடைக்கு ஓடி நீளமாக வாங்கி வந்தால் அதன் வாய் நம் குழாய்க்குச் சேரவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள், "சிமெண்ட் காயட்டும் சார், அதுவரைக்கும் யாரும் உட்காராதீங்க, புது வால்வோட இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவன் மறைந்துவிட்டான். அவன் சொல்கிற இதோ எந்த இதோவோ.

ஆக இப்போது எங்கள் நிலைமை என்ன தெரியுமா? பழைய கமோடு வாசலில் கிடக்கிறது, போகிற வருகிறவர்களெல்லாம் நின்று பார்க்கிறார்கள். புதியது உள்ளே ராஜா மாதிரி நிற்கிறது, உட்காரத்தான் அனுமதி இல்லை. குடும்பமே மாடி டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறோம். என் வீட்டில் குடியிருப்பவரிடம் போய் நான் அனுமதி கேட்டு நிற்கிறேன்! என் மனைவி மாடி ஏறுகிறாள், பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறாள். "ஏன் ஆடி அசைஞ்சு போற? சட்டுனு போய்ட்டு வர வேண்டியதுதானே" என்றால், "காத்து நல்லா வருது, அதான்" என்கிறாள். வீடே இப்படித் தத்தளிக்கும்போது இவளுக்குக் காற்று வாங்க வேண்டியிருக்கிறது.

ஆகையால் இதனால் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், தாங்கள் உடனே வண்டி அனுப்பி அந்தக் கமோடைத் தூக்கிக்கொண்டு போய்விடவும். நான் பழையதையே மறுபடி வைத்துக்கொள்கிறேன், அதற்கு ஒரு கேடும் வரவில்லை. தங்கள் துண்டைத் துவைத்துக் காயவைத்திருக்கிறேன், இப்போது காய்ந்துவிட்டது, அதையும் தங்கள் மகளின் பெட்டியிலேயே வைத்து அனுப்புகிறேன். எங்கள் வீட்டு வசதி தங்களுக்குப் போதவில்லை என்றால் தாங்கள் இங்கே வந்து சிரமப்பட வேண்டாம். தங்கள் மகள் மட்டும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். சீக்கிரம் வந்தால் நல்லது. குறுக்கெழுத்தில் எனக்குப் பாதிதான் தெரியும்.

தங்கள் குடும்பம் எல்லா நலமும் பெற்று, ஒழுகாத கூரையும் வற்றாத கிணறுமாக நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தும், இவ்வளவுக்கும் பிறகும் மரியாதை மாறாத,

தங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று மாலை எழுதியது. இது இன்று மத்தியானம். கடிதம் தபாலில் வருகிறதே, மகள் எங்கே என்று பதறவேண்டாம். அவள் வரவில்லை. பெட்டி பிரித்தாயிற்று.

நேற்று கையெழுத்துப் போட்ட கையோடு துண்டை எடுத்துக்கொண்டு போய் அவள் பெட்டிமேல் வைத்தேன். "இது எதுக்கு மாமா?" என்றாள். என்னோடு பேசிவிட்டாளே என்று துண்டை இன்னொரு தடவை மடித்து வைத்தேன். "உங்கப்பா துண்டும்மா. கொண்டு போய்க் குடுத்துடு" என்றேன். "எங்கப்பா துண்டா? நான் நீங்க கட்டி வச்சதுன்னுல்ல நினைச்சேன். எதையும் தூக்கிப் போட மாட்டீங்களே, இதுவும் ஏதோ அப்படித்தான்னு நான் தொடவே இல்ல" என்றாள். அப்போது என் மனைவி, "அப்ப அந்தப் பக்கெட்டுல தினமும் தண்ணி நிரப்பி வைக்கறது நீங்க இல்லையா?" என்று என்னைக் கேட்டாள். நான் அவளைக் கேட்டேன். அவள் தங்கள் மகளைக் கேட்டாள். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்கப்புறம்தான் தங்கள் மகள் தங்களுக்குப் போன் போட்டாள்.

தாங்கள் போனில் பேசியது தங்களுக்கே தெரியும். ஆனால் தங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு, அவள் ஸ்பீக்கரைப் போட்டிருந்தாள், கூடத்தில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். "வந்த அன்னிக்கே பைப் ஒழுகிட்டிருந்துச்சும்மா. சொன்னா சம்பந்தி சங்கடப்படுவாரேன்னு துண்டைச் சுத்தி வச்சேன், பரவாயில்ல" என்றீர்கள். "அப்ப கமோடு எதுக்குப்பா?" என்று அவள் கேட்டாள். முதலில், "பரவாயில்ல, விடும்மா" என்றீர்கள். அப்புறம், "நாங்க படுத்திருந்த ரூமுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு சுவருதானேம்மா. உங்க அத்தை எழுந்திருக்க முடியாம அம்மாடி அம்மாடின்னு முனகறது ராத்திரி பகல் காதுல விழுந்துச்சு. அவங்களுக்கு முட்டி ரொம்ப மோசமா இருக்கும்மா. பழசு குட்டை. இது கொஞ்சம் உசரம்" என்றீர்கள். இந்தப் பக்கம் நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் சமையலறைக்குள் போகப் பார்த்தாள். "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா பழசே நல்லாத்தானே இருக்குன்னு சொல்வீங்க" என்றாள். இல்லை, சொல்ல மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருப்பேன், சம்பந்தி. பாதிப் படியில் உட்கார்ந்தவளை ஆடி அசைந்து போகிறாயே என்றவன்தானே நான். இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தங்கள் வியாதி தொற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து இனிமேல் எங்கள் வீட்டில் எது ஒழுகினாலும் யாருக்கு வலித்தாலும் சத்தமாகச் சொல்லவும். இது ஒன்றில் மட்டும் என் கோபம் அப்படியே இருக்கிறது.

மின்னல் காலையில் வந்துவிட்டான். புது வால்வு, சரியான பைப், எல்லாம் மாட்டித் தண்ணீர் விட்டான். ஒரு சொட்டு இல்லை, விரல் வைத்துப் பார்த்தேன், டிஷ்யூ வைத்துப் பார்த்தேன். முதலில் என் மனைவிதான் போனாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். ஒரு மனிதன் நிற்கிற இடம் இல்லைதான், இருந்தும் நின்றேன். ஃப்ளஷ் சத்தம் கேட்டது, கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நடுவில் வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்தவள் என்னைப் பார்த்து, "இங்க என்ன பண்றீங்க?" என்றாள். காற்று வாங்குகிறேன் என்றேன்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாகக் கொள்ளவும். கிழித்துப் போடலாம் என்றால் நன்றாக இருக்கிற காகிதத்தைக் கிழிக்க எனக்குக் கை வராது. அந்தக் காரியத்தைத் தாங்களே செய்துவிடவும். கமோடு இங்கேயே இருக்கும், வண்டி அனுப்ப வேண்டாம். வேண்டுமானால் அந்த வண்டியில் தாங்களும் சம்பந்தியம்மாவும் ஏறி வாருங்கள், அதற்காக அனுப்பலாம். தங்கள் மகள் இதைப் பக்கத்தில் நின்று படிக்கிறாள், "வாங்கப்பான்னு எழுதுங்க மாமா" என்கிறாள், எழுதிவிட்டேன்.

துண்டையும் இத்துடன் அனுப்புவதாகத்தான் இருந்தேன். மெயினை மூடி மூடித் திறந்ததில் சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கிற பைப் சொட்ட ஆரம்பித்துவிட்டது, அதுவும் வீடு கட்டினபோது போட்டதுதான். வீட்டில் இருக்கிற எல்லாப் பைப்பையும் மாற்றச் சொல்லிவிட்டேன். மின்னல் "இதோ வந்துடறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அதனால் தாங்கள் வரும்போது வேறு துண்டு ஒன்று கொண்டு வரவும்.